பலகை சொல்லும் நேரம்

எங்கள் பள்ளத்தாக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவதில்லை.
மஞ்சள் பலகையில் மணிக்கணக்கு.
ஆல்ப் தர்ஸ்னா, ஒன்றரை மணி.
மேல் ஏரி, இரண்டு மணி ஐம்பது.
பனியாற்று விளிம்பு, நாற்பது நிமிடம்.

யாருடைய நாற்பது நிமிடம் என்று
யாரும் கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன்:
மூச்சு வாங்காத, பூப் பார்க்க நிற்காத,
ஒன்றுக்கு ஒதுங்காத ஒருவனுடையது.
பதினெட்டு வருடமாக இந்தப் பாதைகளில் இருக்கிறேன்,
அவனை ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை.

ஜூன் முதல் வாரம்
கம்பிவடப் பெட்டி ஓடத் தொடங்குமுன் மேலே போகிறோம்,
குர்தினும் நானும்.
முதுகில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு டப்பா, சிவப்பு ஒரு டப்பா,
கைரம்பம், திருகாணிகள், பாதி ரொட்டி.
குளிர்காலத்துக்குக் கழற்றி வைத்த பாலத்தை
ஓடைமேல் திரும்ப அடுக்குகிறோம்.
மூன்றாவது கட்டை எப்போதும் பொருந்தாது.
குர்தின் அதை ஓர் உதை விடுவான், பொருந்திவிடும்.
எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

பாறையில் என் பழைய வண்ணம் உரிந்திருக்கிறது.
வெள்ளை, சிவப்பு, வெள்ளை.
மூடுபனியில் ஒரு குறியில் நின்றால்
அடுத்தது தெரிய வேண்டும், அவ்வளவுதான் விதி.
மர்மோட் ஒன்று பின்னங்காலில் எழுந்து
மேற்பார்வையாளர் மாதிரி விசிலடிக்கிறது.

ஜூலையில் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.
நாயைப் பையில் சுமந்துவரும் பல் மருத்துவர்.
‘கன்று ஈன்ற பசு, தள்ளி நடக்கவும்’ பலகைக்குக் கீழேயே
பசுவோடு படமெடுக்கும் பையன்கள்.
ரோட்டர்டாமிலிருந்து ஒரு தம்பதி,
காலை உணவிலேயே சண்டை முடித்து
இருபதடி இடைவெளியில் நடப்பவர்கள்.
எல்லோருக்கும் நாலே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி.
எல்லோருக்கும் ஒரே கேள்வி,
இன்னும் எவ்வளவு நேரம்?

சென்ற செவ்வாய் பனியாற்றுப் பாதையை அளந்தேன்.
கடிகாரம் நாற்பது காட்டியபோது
ஒரு கல்மேட்டில் நின்றிருந்தேன்.
எதிரே சாம்பல் சரளை,
அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு குட்டை,
அதில் மேசையளவு ஐஸ் துண்டு ஒன்று
எங்கும் போகாமல் மிதந்தது.
நான் வேலைக்குச் சேர்ந்த கோடையில்
இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது விளிம்பு.
அதன் காற்று கன்னத்தில் அறையும்.
இப்போது கூப்பிட்டுப் பார்த்தேன்,
யாரும் இல்லையே என்கிற தைரியத்தில்.
குரல் போனது. திரும்பி வர நேரமானது.

விளிம்பைத் தொட்டபோது எழுபத்திரண்டு நிமிடம்.
ஏப்ரலில் ஊசி போட்ட என் முட்டிக்கு
ஏழெட்டைக் கழித்துக்கொள்ளலாம்.
மீதி என்னுடையது அல்ல.

அலுவலகத்தில் ரெகுலா படிவத்தை நீட்டினாள்.
நேரத்தை மாற்றக் காரணம்:
மண்சரிவு, பாலச் சேதம், பாதை திருப்பம், எழுத்துப் பிழை.
‘ஏதாவது ஒன்றில் குறி போடு மெங்கியா,
இல்லாவிட்டால் கணினி வாங்காது.’
எழுத்துப் பிழையில் போட்டேன்.

புதுப் பலகை ஆகஸ்டு கடைசியில் வரும்.
அதுவரைக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்,
ஒரு மணி ஐந்து, என் கையெழுத்தில்.
ஒட்டிக்கொண்டிருந்தபோது ரோட்டர்டாம்காரி வந்து நின்றாள்.
பழைய எண்ணையும் பார்த்தாள், புதியதையும் பார்த்தாள்.
‘போனால் கடைசிப் பெட்டி தவறிவிடும்,’ என்றேன்.
‘அப்புறம்?’
‘அப்புறம் இரண்டரை மணி, கீழ்நோக்கி, காட்டு வழி.’

கணவன் பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு ஷூவைக் கழற்றியிருந்தான்.
அவள் திரும்பி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
அன்று அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.
அவன் ஒன்றும் கேட்காமல்
ஷூவை மாட்டத் தொடங்கினான்.

பசை காயவில்லை.
கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடி
அவர்கள் வளைவு திரும்பும்வரை பார்த்திருந்தேன்.
இடைவெளி பதினெட்டடி இருக்கும்.