ஆறாவது பூட்டு

பய்சாந்துவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றுப் பனி ஏறி வந்து
இறைச்சிக் கிடங்கின் கூரையில் உட்கார்ந்துவிடும்.
மூன்றாம் எண் கம்ப்ரஸரின்
மெயின் ஸ்விட்சை இறக்கி
ஆறு பேர் ஆறு பூட்டு போட்டோம்.
அவரவர் பூட்டு, அவரவர் சாவி,
அட்டையில் அவரவர் முகம்.
முகத்துக்குக் கீழே: தொடாதே, ஆள் உள்ளே.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது.
ஐந்து பூட்டு கழன்றது.
மிச்சம், சிவப்புப் பூட்டு,
வாஷிங்டன் ஒலிவேராவுடையது.
பெயர்தான் வாஷிங்டன்,
இந்த ஆற்றைத் தாண்டிப் போனவனில்லை.
அட்டைப் படத்தில் மீசை இருக்கிறது,
ஆளிடம் இப்போது இல்லை.

போனை எடுக்கவில்லை.
மேனேஜர் ஃபாகுந்தோ வந்தார்.
மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று ஓடினவன்
எந்த மெஷினுக்குள் இருக்கப்போகிறான்?
வெட்டு, நெலிதா.
உள்ளே மைனஸ் பதினெட்டு
பதினேழாகிக்கொண்டிருந்தது.

வெட்டலாம். வழி இருக்கிறது.
ஆள் இங்கில்லை என்று
தேடிப் பார்த்து, எழுதிக் கையெழுத்திட்ட பிறகு.

தேடினோம்.
உடைமாற்றும் அறை. ஏணியின் உச்சி.
கழிப்பறைக் கதவுகளின் அடியில்
குனிந்து, பூட்ஸ் தெரிகிறதா என்று.
ஜன்னலில் அவனுடைய மாத்தே குடுவை மட்டும்,
குழாய் செருகியபடி, சில்லிட்டு.

கரண்டுக்கு நிறமில்லை, மணமில்லை.
இருந்தாலும் இல்லாவிட்டாலும்
கம்பிக்கு ஒரே முகம்.
அதனால்தான் டெஸ்டரை முதலில்
இருக்கிற இடத்தில் வைக்கிறோம்,
அப்புறம் இல்லாத இடத்தில்,
மறுபடியும் இருக்கிற இடத்தில்.
இல்லை என்று சொல்கிறவன்
இடையில் ஊமையாகிவிட்டானா
என்று தெரியவேண்டாமா?

தாளை ஃபாகுந்தோவிடம் நீட்டினேன்.
'எவரும் உள்ளே இல்லை' என்ற வரி,
கீழே பெயருக்கு ஒரு கோடு.
பேனா மூடியைத் திறந்தார்.
மூடினார்.
கேபிள் குழியைப் பார்த்தீர்களா?
பார்த்தோம்.
கம்ப்ரஸருக்குப் பின்னால்?
பார்த்தோம்.
யார் பார்த்தது என்றார்,
பதில் வருமுன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்.

ஏழே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் வெளிச்சம்.
நனைந்த வாஷிங்டன்.
காலில் ஆஸ்பத்திரியின் நீல உறை, கழற்ற மறந்து.
பையன், மூன்று கிலோ இருநூறு, என்றான்.
மன்னிச்சுக்கோ, என்றான்.
கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியால் திறந்தான்.

மைனஸ் பதினாறு.
ஸ்விட்சில் என் கை.
பொறு, என்றான்.
தலைகளை எண்ண ஆரம்பித்தான்,
விரலை நீட்டி,
சின்னப் பையன் கோழி எண்ணுவது போல.
ஆறு.
சரிதானே?

சரிதான் என்று வாயெடுத்தேன்.
கம்ப்ரஸருக்குப் பின்னாலிருந்து
ஒரு டார்ச் வெளிச்சம்
சுவரில் மெல்ல நகர்ந்தது.
தும்மல் கேட்டது.

அவருக்குப் பூட்டே கிடையாது.
இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை.
மறுவாரம் ஸ்டோரிலிருந்து
ஒன்று வாங்கிப் போனதாகக் கேள்வி.