இரண்டு தசமம்

மூஞ்சிக்கல்லில் பேக்கரிக்கு மேல் மாடி.
ரஸ்க் வேகும் வாசனையில்தான்
பழனி மலையின் ஆராய்ச்சிகள் எல்லாம்
என் திரைக்கு வந்து சேரும்.
அறுபத்து மூன்று திட்டங்கள்,
ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு குறி.
தொட்டால் விரியும்:
யார், எந்த ஆண்டு, எதை அளந்தார்கள்,
யாரைக் கேட்டால் தரவு கிடைக்கும்.
கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி.

முதல் மாதத்திலேயே ஒரு வேடிக்கை.
மன்னவனூர்ச் சதுப்பில் இரண்டு குறிகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.
பியூலா தவளை எண்ணுகிறவள்.
நஸ்ரின் கரிமண் தோண்டுகிறவள்.
நான்கு வருடமாய் ஒரே சேற்றில் கால் வைத்தவர்கள்,
பார்த்துக்கொண்டதே இல்லை.
இவள் நட்ட குச்சியை அவள் பிடுங்கி,
அவள் கட்டிய கயிற்றை இவள் அவிழ்த்து,
இருவரும் அறிக்கையில்
காட்டுமாட்டின் மேல் பழி எழுதியிருந்தார்கள்.
போனில் சேர்த்து வைத்தேன்.
அரைமணி நேரம் சிரித்தார்கள்.

பிறகொரு சாயங்காலம்
மலை முழுக்கத் தெரியும்படி திரையைச் சுருக்கியபோது
சிரிப்பு வரவில்லை.
பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று
குறிகள் எல்லாம் தார்ச்சாலை ஓரமாகவே நின்றன,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.
கிளாவரைக்கு அப்பால் வெறும் பச்சை.
அங்கே மண் இல்லாமலா, நீர் இல்லாமலா?
திரும்பி வர வண்டி இல்லை, அவ்வளவுதான்.
நம் அறிவின் எல்லையை
நடத்துநர் விசில் ஊதித் தீர்மானித்திருக்கிறார்.

இதை எழுதி எல்லோருக்கும் அனுப்ப உட்கார்ந்தபோது
கவுஞ்சியிலிருந்து போன்.
டேங்க் ஆபரேட்டர் மாயக்கிருஷ்ணன்.
"மேடம், ஊத்த உங்க படத்துல போட்டிருக்கீங்களாமே."
போட்டிருந்தோம். திட்டம் நாற்பத்தொன்று,
கோடையில் வற்றாத ஊற்றுகள்.
அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும்
ஐந்து தசமம்.
ஐந்து தசமம் என்றால் ஒரு எட்டு.
கண்ணை மூடிக்கொண்டு போனாலும்
பாதம் நனையும்.

"புது காட்டேஜ்காரன் போனைப் பிடிச்சுக்கிட்டே
நேரா சோலைக்குள்ள எறங்கிட்டான்.
அரை இஞ்சு கறுப்புக் குழாய்.
எங்க தொட்டிக்கு இப்ப நூல் மாதிரிதான் வருது."
கொஞ்சம் நிறுத்தி,
"திருவேங்கடம் சாருக்கு எடம் காட்டுனது நாந்தான்.
அவருக்குத்தான் காட்டுனேன்."

அவர் கத்தியிருக்கலாம்.

அன்றிரவு கரண்ட் வந்ததும்
ஊற்றின் எண்களில் கடைசி மூன்றையும் அழித்தேன்.
இரண்டு தசமம்.
இப்போது அந்த ஊற்று
ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு எங்கும் இருக்கிறது,
உருளைக்கிழங்குப் பாத்தியில், வாட்டில் மரக்காட்டில்,
யாரோ ஒருவரின் கோழிக்கூண்டுக்குள்.

காலையில் திருவேங்கடம் எழுதியிருந்தார்:
துல்லியம் போனபின் ஆய்வு எதற்கு?
பத்து வருடம் கழித்து வருகிறவர்
எதோடு எதை ஒப்பிடுவார்?
நியாயம்தான்.
கேட்பவருக்குத் தனியாகத் தரலாம் என்றேன்.
கேட்பவர் யாரென்று
யார் கேட்பது என்றார்.
அதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

எண்ணை அழித்தால் குழாய் அழியுமா.
அது அங்கேயே இலைச்சருகுக்கு அடியில் கிடந்து
குடித்துக்கொண்டிருக்கிறது.
வரைபடத்தில் அதற்குக் குறி இல்லை,
யாரும் அதை ஆராயவில்லை.

இன்று ஒரு திட்டம் சேர்த்தேன்,
அறுபத்து நான்கு.
கருவி: ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு கைக்கடிகாரம்.
தினம் காலை ஆறு மணிக்கு
குடம் நிரம்ப எத்தனை நிமிடம்.
ஆய்வாளர் பெயருக்குச் சம்மதம் கேட்டேன்.
"இனிஷியலோட போடுங்க" என்றார்.
பொ. மாயக்கிருஷ்ணன், கவுஞ்சி.
தரவுக்கு யாரைக் கேட்பது என்ற கட்டத்தில்
அவருடைய போன் எண்.
குழாய் தொடங்கும் இடம்: இரண்டு தசமம்.
முடியும் இடம்,
காட்டேஜ் மாடியில் நீலத் தொட்டி:
ஐந்து.