கடைக்கு ஒரு பாண்

"ஒரு பாண், ஆறு முட்டை, ஒரு பால்.
கடைக்குக் கொண்டு வாரும்" என்றது போன்.
இதுதான் ஐயா கடை, என்றேன்.
"இல்லையில்லை, *அந்தக்* கடை."

வுல்விச்சில் ஆறு வருசமாய்க் கடை வைத்திருக்கிறேன்.
என்னுடையதை விட இன்னும் நாலு தெரியும்.
எதுவும் என்னிடம் பாண் கேட்காது.
கடைசியில் முகவரி சொன்னார்:
புல்வெளிக்கு எதிரே, நாலு மூலையிலும் கோபுரம் வைத்த
பழைய இராணுவக் கல்லூரி.

இப்போது அது அடுக்குமாடி வீடு.
பையன்கள் அணிவகுத்த முற்றத்தில்
கார்கள் ஒழுங்காய் நிற்கின்றன.
ஆதியில் ஏதோ பட்டறைக்குள்தான் பீரங்கிப் பாடம் நடந்ததாம்.
வேர்க்‌ஷொப் என்ற சொல்லின் தலையை வெட்டி
ஷொப் என்று வைத்துக்கொண்டார்களாம்.
வேறெதையும் வெட்டிப் பழகுமுன்.

கதவில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
மேஜர் மார்ஜொரிபாங்ஸ்.
"மார்ச்பாங்ஸ்" என்றார், கோபமில்லாமல்.
"வுல்விச்சும் இல்லை, வுலிச்.
நடுவில் நிற்கிற எழுத்தைத் தொடக்கூடாது."

குற்றியலுகரத்துக்கும் அரை மாத்திரை
அளந்து கொடுத்த பாஷை என்னுடையது.
இவர்கள் ஒரு முழு எழுத்தைப்
பெயர்ப்பலகையில் வெயிலிலும் மழையிலும் நிற்கவைத்து
கூலி கொடாமல் அனுப்புகிறார்கள்.

"உம்மை எப்படிக் கூப்பிடுவார்கள்?"
எண்பத்தொன்பது வயது மனிதரைப்
பரநிருபசிங்கம் என்று வதைக்க மனம் வரவில்லை.
பரா, என்றேன்.

முதுகு நிமிர்ந்தது அவருக்கு.
பாராசூட் படைக்காரருக்கு இங்கே அதுதான் பட்டப்பெயராம்.
"எத்தனை தரம் குதித்தீர்?"

ஒருதரம், என்றேன்.

எட்டடி மதில்.
உள்ளே நான் படித்த பள்ளிக்கூடம்.
அப்போது அதை ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை.
காம்ப் என்றால் போதும்,
பஸ் கொண்டக்டரும் குரலைத் தணிப்பான்.
எட்டாம் வகுப்பில், வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு,
நல்ல ஆங்கிலத்தில் விசாரித்தான் ஒரு லெப்டினன்ட்.
நான் எங்கே பயின்றவன் தெரியுமா என்று கேட்டு
ஒரு சொல் சொன்னான்.
சாந்தெஸ் என்று விழுந்தது, கேட்கிற காதில்.
மற்றக் காது அன்று கேட்கவில்லை.
சோப்பின் பெயராக்கும் என்று நினைத்தேன்.

இதில் 'ஒருதரம்' மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னது.

மேஜர் தன் கதைக்குப் போய்விட்டார்.
சண்டை முடிந்த கையோடு கடையைப் பூட்டி
எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்களாம்,
குலம் தாழ்ந்த சம்பந்தம் பேசுகிற முகத்தோடு சொன்னார்:
"சாண்ட்ஹர்ஸ்டில்."

முட்டைப்பெட்டி என் கையில் இருந்தது.
இன்னொருதரம் சொல்லுங்கள், என்றேன்.
சொன்னார். டகரம் கேட்டது,
பின்னால் மூச்சு கேட்டது,
கடைசியில் நாக்கு பல்லில் முட்டியதும் கேட்டது.
பதின்மூன்று வருசம் கழித்து
அந்தச் சொல் முழுதாய் வந்து சேர்ந்தது.

"இந்த ஜன்னலடியில்தான் என் கட்டில்,
பதினெட்டு வயதில்" என்றார்.
"விற்பனைக்கு என்று பார்த்ததும் வாங்கிவிட்டேன்."
எட்டாம் வகுப்பை யாரும் விற்பனைக்குப் போடவில்லை.
போட்டாலும் வாங்கியிருப்பேனோ தெரியாது.

முட்டைகளை எண்ணிப் பார்த்தார். ஆறும் முழுசு.
சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்றார்.
படியிறங்கும்போது "நன்றி, பரா" என்று
மேலிருந்து ஒரு சல்யூட்.
கை என்னையறியாமல் பாதிவரை எழும்பி
தலையைச் சொறிந்துகொண்டது.

இரவு தவநிதி கணக்குக் கொப்பியைப் புரட்டினாள்.
"கடை, மூன்று பவுண் நாற்பது.
இதென்ன, கடைக்குக் கடை கடனோ?"

கிடக்கட்டும், என்றேன்.
நாளைக்கும் பாண் கேட்பார்.