கேள்வி நேரம்

சட்பரி நூலகத்தின் கீழ்த்தளத்தில்
முப்பது நாற்காலிகள், பதினோரு பேர்.
அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
வாசலில் கழற்றிய பனிக்காலணிகள்
உருகி உருகிக் குளம் கட்டுகின்றன.

நான் நியூட்ரினோவைப் பற்றிப் பேசுகிறேன்.
இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள்
உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே
பல்லாயிரம் கோடி போய்விட்டன என்கிறேன்.
எல்லோரும் நகத்தைப் பார்க்கிறார்கள்.
எத்தனை முறை சொன்னாலும்
இந்த இடம் எனக்குப் பிடிக்கும்.
முன்வரிசைப் பெண் மட்டும்
பூச்சு உரிந்திருப்பதைக் கண்டு
விரலை மடக்கிக்கொள்கிறாள்.

இரண்டு கிலோமீட்டர் பாறைக்கு அடியில்,
நிக்கல் சுரங்கத்தின் ஓரமாய் எங்கள் கூடம்.
தொழிலாளர்களோடு ஒரே கூண்டில் இறங்குகிறோம்.
அவர்கள் புழுதிக்குள் போகிறார்கள்.
நாங்கள் குளித்து, துவட்டி, உடை மாற்றி,
தூசு தட்டிய கூடத்துக்குள் நுழைகிறோம்,
விருந்தாளிக்கு வீடு பெருக்கி வைத்தாற்போல.
வந்தாலும் உட்காராத விருந்தாளி.

கேள்வி உண்டா?
ஒன்பது வயது ஆன்செல்ம் கை தூக்குகிறான்.
"அந்தத் தொடரில்
நியூட்ரினோ பீரங்கியால் நிலாவைப் பிளந்தார்களே,
நீங்கள் ஒன்று வைத்திருக்கிறீர்களா?"

அந்தத் தொடர்.
வியாழன்தோறும் இரவு ஒன்பதுக்கு
வியாழனையும் தாண்டிப் போகிற கப்பல்.
நான்காண்டுகளாய் என் காதில்
முழம் முழமாய்ப் பூச்சுற்றுகிற கப்பல்.
ஒரு வாரமும் நான் தவறவிட்டதில்லை.

முன்பெல்லாம் இங்கேதான் கத்தியை எடுப்பேன்.
ஒன்று, நியூட்ரினோ எதையும் பிளக்காது.
இரண்டு, வெற்றிடத்தில் ஓசை ஏது?
மூன்றாவதற்கு வரும்போது
பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள்.
டிம்மின்ஸ் பள்ளியில் ஒருத்தி அழுதேவிட்டாள்.
அன்று எனக்கு யாரும் தேநீர் தரவில்லை.

இன்று வாய் திறப்பதற்குள்
பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல்:
தாவெத்தி கொர்ப்பேலா,
முப்பத்தோராண்டு சுரங்கத்தில் பம்பு பார்த்தவர்.
"பீரங்கி கிடக்கட்டும்.
கப்பல் நிற்கப்போகிற நேரத்தில்
அந்த எஞ்சின்காரி எஞ்சினோடு பேசுகிறாளே,
அது நிஜம்.
ஆறாம் மட்டத்தில் தண்ணீர் ஏறிய ராத்திரி
நானும் பேசினேன், பம்போடு.
ஃபின்னிஷில். பாதி கெட்ட வார்த்தை."

"அது கேட்டதா?" என்கிறான் ஆன்செல்ம்.
"நாற்பது நிமிஷம் கழித்து."

குளிருக்கு ஒதுங்கியவர் சிரிக்கிறார்.
நான் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்கிறேன்:
கிறிஸ்துமஸ் இரவுப் பணியில்
நாலாயிரத்து நானூற்றுப் பதினொன்றாம் உணரி
கண்ணை மூடிக்கொண்டது.
கையேட்டில் உள்ளதெல்லாம் செய்தேன்.
பிறகு, யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு,
"தங்கமே, விழித்துக்கொள்" என்றேன்.
அது விழிக்கவில்லை.
கட்டுரையில் அதற்கு ஒரு அடிக்குறிப்பு உண்டு,
தங்கமே என்றதற்கு இல்லை.

ஆன்செல்ம் இன்னும் காத்திருக்கிறான்.
"பீரங்கி இல்லை, தம்பி.
நியூட்ரினோ நிலாவுக்குள் புகுந்து
ஒரு கீறல் இல்லாமல் மறுபக்கம் போய்விடும்.
போனது நிலாவுக்கே தெரியாது."
யோசிக்கிறான்.
"அப்படியென்றால் அது பீரங்கியைவிடப் பயங்கரம்."
அதற்கு என்னிடம் ஒரு ஸ்லைடும் இல்லை.

நாற்காலிகளை மடித்து, கார் கண்ணாடியைச் சுரண்டி
வீடு சேரும்போது ஒன்பதே கால்.
கப்பல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது.
"வெற்றிடத்தில் ஓசை ஏது?"
என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறான் கணவன்.
பேசாதே என்று கம்பளிக் காலுறையால் உதைக்கிறேன்.
திரையில் எஞ்சின்காரி
உலோகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து
உதடு அசைக்கிறாள்.
என்ன சொல்கிறாள்?
முன்னால் சாய்கிறேன்.
வெடிச்சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.