படிவத்தில் இடம் போதவில்லை

ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், காசு வேண்டாம்,
கடைசியில் இந்தப் படிவத்தை நிரப்பினால் போதும் என்றீர்கள்
ஸ்ப்ரிங்ஃபீல்டு ஷோரூமில்.
கேள்வி ஒன்றுதான்:
தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு மின்சார பக்கி ஒத்துவருமா?
ஆம். இல்லை. இரண்டு கட்டம்.
கீழே "கருத்து" என்று ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.

நான் கீசர் மாட்டுகிறவன், ரிஷேன்.
நூற்றைம்பது லிட்டர் தொட்டிகள், செப்புக் குழாய், ஏணி,
தோகோசானி, தோகோசானியின் மதியச் சாப்பாடு,
பின்பெட்டியில் இதுதான் என் சுமை.
கரண்டுக்குப் பயந்தவனில்லை.
வாரம் ஒரு தடவையாவது என்னைக் கிள்ளிப் பார்க்கும் அது.

திங்களன்று சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்கா,
திரும்பி வந்து இசிபிங்கோ.
டீசல் வாசமில்லாத கையால் ரொட்டி பிய்த்தேன்,
ரொட்டிக்கு ரொட்டி வாசம் இருந்தது.
ராத்திரி ஜன்னல் வழியே வயரை இழுத்துச் செருகினேன்.
பிரமிளா போய் மீட்டரைப் பார்த்தாள்,
மறுபடி போய்ப் பார்த்தாள்,
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.
விடிந்ததும் கணக்குச் சொன்னாள்:
டீசல் செலவில் பாதிகூட இல்லை.
சொன்ன குரலில் கொஞ்சம் ஏமாற்றம்,
சண்டைக்குத் தயாராக இருந்திருப்பாள் போல.

புதன் மாரிட்ஸ்பர்க்.
நாலு கீசர், பின்னால் ட்ரெய்லர்.
ஃபீல்ட்ஸ் மேட்டில் ஏற ஏறச் சதவீதம் இறங்கியது,
சம்பளம் வந்த வாரத்துப் பணப்பைபோல.
ஏ.சி.யை அணைத்தேன். ரேடியோவை அணைத்தேன்.
"நான் இறங்கி நடக்கட்டுமா?" என்றான் தோகோசானி.
ஒரு மாலில் வண்டியைச் செருகிவிட்டு
பீன்ஸ் பன்னி சௌ தின்றபடி ஐம்பது நிமிஷம்.
அந்த ஐம்பது நிமிஷத்துக்கு எந்த வீட்டுக்காரரும்
கூலி தரமாட்டார்.
ஆனால் திரும்பும்போது காலி வண்டி, அதே மேடு சரிவு.
போன சார்ஜ் கொஞ்சம்
தலையைச் சொறிந்துகொண்டு வந்து சேர்ந்தது,
பழைய கடனில் பாதியைத் திருப்புகிறவன்போல.

வியாழன் விடியுமுன் யாரோ கேபிளை அறுத்துவிட்டார்கள்.
யூனிட் ஏழு முழுக்க இருட்டு.
வண்டி முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது,
டோங்காட் வேலையை ஒத்திப்போட்டேன்.
எதிர்வீட்டு கோகிலம் வெந்நீர் வரவில்லையென்று
என்னைத் திட்டினாள், அந்தக் கீசரை மாட்டியவன் நான்தானே.
நான் வண்டியைத் திட்டினேன்.
வண்டி பேசவில்லை.

அது பேசாததைப் பற்றித்தான், ரிஷேன்,
உங்கள் கோட்டில் எழுத முடியவில்லை.

வெள்ளி, நாலரை மணி, ஷால்க்ராஸில் ஒரு சந்து.
மெதுவாகத்தான் போகிறேன்.
மெதுவாகப் போனால் மெல்லிதாக முனகுமாம்,
உங்கள் கேட்லாக்கில் போட்டிருக்கிறது.
மாடியில் யார் வீட்டிலோ ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.
சுவர் மூலை திரும்பினால்
ஒரு மஞ்சள் சட்டை, பந்துக்குக் குனிந்த முதுகு.
பிரேக்.
மூன்றடி.
என் டீசல் என்றால் சந்து முனையிலேயே இருமி
நாய்களை எழுப்பியிருக்கும்.
பையன் நிமிர்ந்தான், பார்த்தான்,
பந்தோடு ஓடினான். அவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.
எனக்குத்தான் ஸ்டியரிங்கிலிருந்து விரல் பிரியவில்லை.

தோகோசானி ஒன்றும் சொல்லாமல் இறங்கி
முன்னால் நடந்தான், விசிலடித்துக்கொண்டு,
சந்து முடியும்வரை.
அன்று மிச்சமிருந்த எல்லாச் சந்திலும் அப்படித்தான் போனோம்.
லட்சக்கணக்கில் ரேண்ட் கேட்கிற வண்டிக்கு
ஹாரனாக ஒருவன் வாய்.

சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.
எந்தக் கட்டத்தில் டிக் போட்டாய் என்றாள் பிரமிளா.
இரண்டிலும் என்றேன்,
திங்களுக்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று.
வெள்ளிக்கிழமையை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது பழைய டீசலில் போகிறோம்,
புகையும் இருமலுமாக, தெருவுக்கே தெரியும்படி.
சந்து திரும்பும்போது பக்கத்து இருக்கையில்
தோகோசானி உதட்டைக் குவிக்கிறான்.
எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.
அடிக்கிறான்.