பிடியரிசி

ஆடிக் காற்று தேரியைக் கிளப்பி
கோயில் சுவரை முழங்கால் உயரத்துக்குச்
சிவப்பாக்கியிருந்தது.
ஏழு வருஷம் கழித்து
சாத்தான்குளம் விலக்கில் இறங்கி நடந்தேன்.
அசனத்து நாள் என்று தெரிந்தேதான் வந்தேன்.
அத்தனை கூட்டத்தில்
ஒரு தலை யாருக்குத் தெரியும்?

இந்தக் கோயிலுக்குக் கோயில்குட்டி நான்.
மணிக்கயிறு இழுத்த கை இது.
ஞாயிறுதோறும் பிடியரிசி வாங்கி
மூட்டை கட்டிய கையும் இதுதான்.

உலை கொதிக்கும்போது
ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள்,
ஆண்டவருக்கென்று.
நூறு வீட்டில் யாரோ ஒருவர்
ஒரு வாய் குறைத்துத் தின்ற அரிசி அது.
பொன்னி, குருணை, ரேஷன் புழுங்கல்
எல்லாம் கலந்து ஒரே சாக்கில் கிடக்கும்.

அதில் நாலு மூட்டையை
ராத்திரியோடு ராத்திரியாக
டிவிஎஸ்ஸில் வைத்துக் கொண்டுபோய் விற்றேன்.
குடித்தேன்.
அது சின்னப் பாவம்.

கமிட்டி கூடி ஐயர் கேட்டபோது
என் வாயில் வந்த பெயர் ஜெபரூபன்.
பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை.
மணிக்கூண்டில் புறாக்குஞ்சு எடுக்க
அடிக்கடி சாவி கேட்பான்.
அதனால் நம்பினார்கள்.
புளியமரத்தில் கட்டினார்கள்.
கயிறு எடுத்துக் கொடுத்தது நான்,
பழைய மணிக்கயிறு.

அவன் அன்று இரவே ரயிலேறினான்.
நாலு மாசம் கழித்து நானும்.
என்னை யாரும் துரத்தவில்லை,
திருப்பூர்வரை அது ஒன்றுதான் துரத்தியது.
இப்போது கை நடுக்கம் நின்று
பதினோரு மாசம்.

காற்றுக்குப் படுதா கட்டி
ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டியிருந்தார்கள்.
சுற்றிலும் மண் சிவேரென்று கிடக்க
அது மட்டும் ஆவி பறக்க வெள்ளையாய்.
கடைசி வரிசையில், வேற்றூர் ஆட்களுக்கு நடுவே,
கோயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

வாளி வந்து என் இலைக்கு முன் நின்றது.
பித்தவெடிப்புக் கால்.
நிமிராமலே தெரிந்தது, ஞானப்பூ.
ஜெபரூபனைப் பெற்றவள்.

அகப்பையை வாளியிலேயே விட்டுவிட்டு
கையால் அள்ளி வைத்தாள், ஒரு பிடி.
கொஞ்சம் நின்றாள்.
இன்னொரு பிடி.
"கறி வரும், பொறு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.
"சொல்லாண்டாம். எனக்கு அன்னைக்கே தெரியும்.
கட்டுன கயிறு எந்தக் கயிறுன்னு பாத்தம்லா."

அடுத்த இலைக்காரன்
சோறு கேட்டுக் கையை நீட்டினான்.
அவள் அவனுக்கும் வைத்தாள்.
திரும்பாமலே சொன்னாள்:
"ஆறு வருசம், ஒவ்வொரு பிடி போடும்போதும்
ஒன்னய வஞ்சுக்கிட்டேதான் போட்டேன்.
போன லெந்துலருந்து வையல.
அம்புட்டுதான்.
தின்னுட்டு வீட்டுக்கு வா.
ஏழு மணிக்கு அவன் போன் போடுவான்.
நீ எடு."

ஐயர் மேலிருந்து ஏதோ ஜெபித்தார்.
மைக்கில் காற்று இரைந்தது.
சோற்றில் ஒரு மணல் நறநறத்தது.
அதையும் சேர்த்து விழுங்கினேன்.
ஓடிவிடலாம் என்று
இரண்டு முறை எழுந்தேன்.
இரண்டாம் முறை எழுந்தபோது
இலையில் கறி ஊற்றிவிட்டார்கள்.

ஏழு அடித்துப் பத்து நிமிஷம்.
அவள் வீட்டு மாடத்தில் போன் அதிர்ந்தது.
விரலில் இன்னும் கறி வாசம்.
மறுமுனையில் மழையா, ரயிலா தெரியவில்லை.
"அம்மா" என்றான்.

"அம்மா இல்ல.
தேவபிச்சை பேசுதேன்."

அதன்பின் அவனும் பேசவில்லை,
வைக்கவும் இல்லை.
உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது.
ஞானப்பூ அரிசி அரித்தாள்.
கலயத்தில்
ஒரு பிடி விழுகிற சத்தம்
எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.