ஈடு

ஃபிரிட்ஜ் கதவில் நான்கு காந்தம்.
ஒன்றின் கீழ் பல் டாக்டர் சீட்டு.
ஒன்றின் கீழ், தலைநகரத்துத் தனியார் பல்கலைக்கழகம்
இரண்டு வருடம் முன்பு அனுப்பிய கடிதம்.
மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம் என்று ஆரம்பித்து
எழுபதாயிரத்தில் முடிகிற கடிதம்.
வருடத்துக்கு.
அம்மா அதை எடுக்க விடவில்லை.
கேட்டார்களே, அது போதும் என்றாள்,
யாரோ பெரிய இடத்தில் பெண் கேட்டு வந்து போன மாதிரி.

நான் மொடெஸ்டோவிலேயே இருந்தேன்.
சமூகக் கல்லூரி. அலகுக்கு நாற்பத்தாறு டாலர்.
அப்பாவின் வருமானத்தைப் பார்த்து அதையும் தள்ளுபடி செய்தார்கள்.
வண்டி நிறுத்தும் வில்லைக்குத் தள்ளுபடி இல்லை.
துவார்த்தேயின் பால்பண்ணை வண்டியில் தொற்றிக்கொண்டேன்;
பெட்ரோலில் பாதி எனக்கு, சாண வாசனை முழுசும் எனக்கு.

இரவில் பாதாம் ஆலை.
வார்ப்பட்டையில் பருப்பு ஓடிவரும்.
கல் பொறுக்கிக்கொண்டே வாய்க்குள்
இறையாண்மை, அதிகாரச் சமநிலை, பொருளாதாரத் தடை.
பக்கத்தில் நின்ற மை யியா கேட்டாள்:
ஜெபமா?

வகுப்பு பதினொன்றாம் பதிப்பில் நடந்தது.
என்னிடம் இருந்தது எட்டாவது, நாலு டாலருக்கு.
அதில் சூடான் இன்னும் பிரியவில்லை.
பென்சிலால் நானே ஓர் எல்லை போட்டேன்.

அப்பா ஹபானியாவில் பிறந்தவர். லாரி ஓட்டுகிறார்.
அசிரிய மொழியில் திட்டுவார், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பார்.
"நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவா படிக்கிறாய், ஷமிரான்?
நமக்கென்று நாடே கிடையாதே.
நீ எந்தப் பக்கம் உட்காருவாய்?"
யோசித்தேன்.
ஜன்னல் பக்கம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
டீயில் இன்னொரு கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.

பிறகு மாற்றல்.
கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே
நாற்பது பக்கத்தில் ஓர் உடன்படிக்கை:
இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்கு ஈடு,
அது இதற்கு ஈடு, அடிக்குறிப்பு ஏழைப் பார்க்கவும்.
அடிக்குறிப்பு ஏழை நான் பார்த்திருந்தேன்.
அறுபது அலகு சுமந்துபோனேன்.
ஐம்பத்தேழை இறக்கிக்கொண்டார்கள்.
புள்ளியியல் ஈடில்லையாம்.
ஈடில்லாதது என்றால் உயர்ந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

சாக்ரமெண்டோவுக்கு ரயில்.
மடியில் பாடத்திட்டம், திருத்திய விடைத்தாள்கள்,
பதினான்காம் வாரம் மட்டும் மஞ்சள் பூசி.
கண்ணாடிக்கு அந்தப்புறம் திருமதி ஒகாமுரா.
மேசையில் பாதி கடித்த ஆப்பிள் பழுப்பேறிக்கொண்டிருந்தது.
நான் பேசினேன், அவர் பேசவில்லை.
நான் நிறுத்தியதும் விசைப்பலகை பேசியது.
பதினோரு நிமிடம்.
"துறைப் பாடமாக முடியாது. விருப்பப் பாடமாக ஏற்கலாம்.
துறைக்கு வேண்டியதைக் கோடையில் அங்கேயே முடித்துவிடு."
மூன்று அலகு. நூற்று முப்பத்தெட்டு.
இந்த வருடம் அப்பாவுக்கு லோடு அதிகம்,
தள்ளுபடி போயிற்று.
கண்ணாடியின் கீழ்ச் சந்தில் தாள் வந்தது,
கையெழுத்தோடு திரும்பிப் போனது.
கை குலுக்க அந்தச் சந்து போதாது.

ஆகஸ்ட், முதல் வகுப்பு.
ஏதாவது ஓர் உடன்படிக்கையை
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர் யார்?
என் கை மட்டும் மேலே.
எது என்றார் பேராசிரியர்.
சொன்னேன்.
வகுப்பு சிரித்து முடிக்க நேரமெடுத்தது.
கடைசி வரிசையில் ஒருவன் மட்டும்
எந்தக் கல்லூரி என்று கேட்டான்.

நாலே கால் ரயிலுக்கு அவனும் ஓடிவந்தான்.
ஸ்டாக்டனில் இறங்குவானாம்.
அவன் பையில் பதினொன்றாம் பதிப்பு,
முனை மடங்காமல்.
வாங்கி, சூடான் இருக்கும் பக்கத்தைத் திறந்து
என் புத்தகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

என் கோடு
கொஞ்சம் வடக்கே போயிருந்தது.